கட்டியிருக்க வேண்டாத கட்டணம்: இங்கிலாந்தின் முதியோர் பராமரிப்பும் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையும்

இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க நினைப்பவர்களில் பலர் முதலில் போய் நிற்பது இல்லத்தின் அலுவலகத்தில். அங்கே கேட்டுப் பயனில்லை. இல்லம் தன் வேலையைச் செய்தது, அதற்குரிய கட்டணத்தை வாங்கிக்கொண்டது. அதை யார் கட்டியிருக்க வேண்டும் என்பதில்தான் வழக்கே இருக்கிறது. இல்லத்தில் இருந்த அம்மாவின் நோய்நிலை ஒரு வரம்பைத் தாண்டியிருந்தால், அவருடைய தங்குமிடம், உணவு, பராமரிப்பு அத்தனைக்கும் அரசின் சுகாதார அமைப்பான என்.எச்.எஸ். பணம் கொடுத்திருக்க வேண்டும். அவருடைய சொத்து எவ்வளவு என்ற கணக்கைக் கையில் எடுத்திருக்கவே கூடாது. விவரம் தெரியாமல் குடும்பம் கட்டியிருந்தால், என்.எச்.எஸ். செலவைக் குடும்பம் சுமந்திருக்கிறது என்று பொருள். திரும்பக் கேட்பது அதைத்தான்.

இந்தத் திட்டத்துக்கு ‘கன்டினியூயிங் ஹெல்த்கேர்’ என்று பெயர். எல்லோரும் சொல்வது சி.எச்.சி. செவிலியர் வசதியுள்ள இல்லங்களில் வாரக் கட்டணம் 1,000 பவுண்டைத் தாண்டுவது இன்று சாதாரணம். இரண்டு ஆண்டு அங்கே இருந்தவருக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கரைந்திருக்கும். பல குடும்பங்களில் அது வீட்டை விற்ற பணம்.

இந்தச் சிக்கலின் வேர் 1948 ஜூலை 5-இல் இருக்கிறது. அன்றுதான் என்.எச்.எஸ். தொடங்கியது. அதே நாளில் தேசிய உதவிச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. முதலாவது, நோயாளிக்கு மருத்துவம் இலவசம் என்றது. இரண்டாவது, முதுமையாலும் இயலாமையாலும் தனித்து வாழ முடியாதவருக்கு உள்ளூர் கவுன்சில் தங்குமிடம் தரட்டும், வசதி உள்ளவரிடம் கட்டணம் வாங்கட்டும் என்றது. நீண்டகாலம் படுத்த படுக்கையாக இருந்த முதியவர்களை மருத்துவமனையின் முதியோர் வார்டுகளே வைத்துப் பார்த்துக்கொண்ட வரை இந்தப் பிளவு பெரிதாக உறுத்தவில்லை. 1980-களில் அந்த வார்டுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, தனியார் இல்லங்கள் பெருகின. 1993 ஏப்ரலில் இல்லவாசிகளின் பொறுப்பு முழுமையாகக் கவுன்சில்களுக்குக் கைமாறியது. நோயாளி மாறவில்லை, நோயும் மாறவில்லை. படுக்கை மட்டும் மருத்துவமனையிலிருந்து இல்லத்துக்குப் போனது. இலவசமாக இருந்தது கட்டணமாகிவிட்டது. இதை எந்த நாடாளுமன்றமும் வெளிப்படையாக விவாதித்து முடிவு செய்யவில்லை என்பதே எனக்கு மிகப் பெரிய குறையாகப் படுகிறது.

கவுன்சிலின் சொத்துக் கணக்கும் கடுமையானது. 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்போ சொத்தோ இருந்தால் முழுக் கட்டணமும் தன் கையிலிருந்துதான். இந்தத் தொகை 2010-இலிருந்து உயர்த்தப்படவில்லை. கணவனோ மனைவியோ இன்னும் வீட்டில் வசித்தால் வீடு கணக்கில் சேராது. தனியாக வாழ்ந்தவர் என்றால் சேரும்.

இந்த ஏற்பாட்டுக்கு முதல் அடி 1994-இல் விழுந்தது. மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு, பேசவும் தானாக உண்ணவும் முடியாமல் போன ஒருவரை லீட்ஸ் மருத்துவமனை, இனிச் சிகிச்சை தேவையில்லை என்று வெளியே அனுப்பியது. இல்லத்துக்கு மனைவி பணம் கட்ட வேண்டியதாயிற்று. பொதுமக்களின் புகார்களை விசாரிக்கும் சுகாதார ஆம்புட்ஸ்மன் வில்லியம் ரீட், லீட்ஸ் சுகாதார ஆணையம் தன் கடமையில் தவறிவிட்டது என்று அறிக்கை அளித்தார். இத்தகைய நோயாளிகளை யார் ஏற்பது என்பதற்கு ஒவ்வொரு சுகாதார ஆணையமும் எழுத்தில் விதி வகுக்க வேண்டும் என்று 1995-இல் அரசு சொன்னது. ஆணையங்கள் வகுத்தன, ஊருக்கு ஒரு விதியாக.

அடுத்து வந்த பமேலா காக்லனின் வழக்குதான் இன்றுவரை சட்டத்தின் அடித்தளம். 1971-இல் சாலை விபத்தில் கை கால்கள் செயலிழந்தவர் அவர். நீண்டகாலம் மருத்துவமனையில் இருந்த அவரையும் மற்றும் சிலரையும் 1993-இல் எக்ஸிட்டர் நகரின் மார்டன் ஹவுஸுக்கு மாற்றியபோது, விரும்பும் வரை இதுவே உங்கள் வீடு என்று சுகாதார ஆணையம் உறுதி கொடுத்திருந்தது. 1998-இல் அதே ஆணையம் அந்த இல்லத்தை மூட முடிவெடுத்தது. காக்லன் வழக்குத் தொடுத்தார். 1999 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாக்குறுதியை மீறக் கூடாது என்று தீர்ப்பளித்தது. கூடவே இன்னொன்றையும் தீர்த்தது: கவுன்சில் தரும் தங்குமிடத்தோடு துணைக்கு வரும் சிறு அளவிலான செவிலியர் பணியைத்தான் கவுன்சிலின் தலையில் வைக்கலாம். அதற்கு மேற்பட்டதும், சமூக சேவைக்கென்று இருக்கும் ஓர் அமைப்பிடம் எதிர்பார்க்கக் கூடாததுமான பணி என்.எச்.எஸ்ஸுக்கே உரியது. காக்லனின் தேவைகள் அந்த எல்லையை வெகுதூரம் தாண்டியவை என்றது நீதிமன்றம்.

தீர்ப்பு வந்தும் பல ஆணையங்கள் விதிகளைத் திருத்தவில்லை. 2003 பிப்ரவரியில் ஆம்புட்ஸ்மன் ஆன் ஏப்ரகாம், டார்செட், பெர்க்‌ஷயர், பர்மிங்காம், விகன்–போல்டன் பகுதிகளிலிருந்து வந்த புகார்களை விசாரித்து, சட்டத்தை விடக் குறுகலான விதிகளால் மக்கள் பணம் இழந்திருக்கிறார்கள் என்றார். பழைய கோப்புகளைத் திறந்து, தகுதி இருந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று பரிந்துரைத்தார். பணம் திரும்பப் பெறும் நடைமுறை ஒரு பெரும் இயக்கமாக ஆனது அங்கிருந்துதான். கேம்பிரிட்ஜ்‌ஷயரில் அல்சைமர் நோயுற்ற கணவர் மால்கமை வீட்டிலேயே வைத்துப் பார்த்த பார்பரா பாயின்டனும் ஆம்புட்ஸ்மனிடம் போய் வென்றார். தேவை என்ன என்பதே பேச்சு, அது வீட்டில் நடக்கிறதா இல்லத்தில் நடக்கிறதா என்பதல்ல என்று அவர் வழக்கு நிலைநாட்டியது. 2006-இல் மௌரீன் குரோகன் தொடுத்த வழக்கில் பெக்ஸ்லி சுகாதார அமைப்பின் விதிகள் உயர்நீதிமன்றத்தில் தோற்றன. அதன் பிறகே, 2007 அக்டோபரில், இங்கிலாந்து முழுமைக்கும் ஒரே தேசிய வழிகாட்டி நெறிமுறை வந்தது. நீதிமன்றப் படி ஏறிய தனிமனிதர்களால் கட்டப்பட்ட உரிமை இது. அரசு தானாக முன்வந்து தந்ததல்ல.

இன்று நடைமுறை இப்படி. முதலில் ‘செக்லிஸ்ட்’ என்ற சிறு படிவம். அதில் தேறினால் பல்துறைக் குழு உட்கார்ந்து டி.எஸ்.டி. என்ற பெரிய படிவத்தை நிரப்பும். மூச்சு, ஊட்டம், சிறுநீர் மலக் கட்டுப்பாடு, தோல், நடமாட்டம், தொடர்புகொள்ளல், மனநிலை, அறிதிறன், நடத்தை, மருந்து, நினைவு தப்பும் நிலை என்று 11 தலைப்புகள்; மற்றவற்றுக்காகப் பன்னிரண்டாவதாக ஒன்று. ஒவ்வொன்றிலும் தேவை இல்லை, குறைவு, நடுத்தரம், அதிகம், கடுமை, முதன்மை என்ற படிநிலைகள். ஒரே ஒரு ‘முதன்மை’ கிடைத்தாலோ, இரண்டு ‘கடுமை’ கிடைத்தாலோ தகுதி உண்டு என்று குழு பரிந்துரைக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால், தேவைகளின் தன்மை, தீவிரம், சிக்கல், எப்போது என்ன ஆகும் என்று சொல்ல முடியாத நிலை ஆகிய நான்கையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

எல்லாத் தலைப்பும் எல்லாப் படிக்கும் ஏறாது. மலக் கட்டுப்பாடு எவ்வளவு மோசமானாலும் ‘அதிகம்’ வரைக்கும்தான். மறதி நோயாளிக்கு முக்கியமான அறிதிறன் ‘கடுமை’ வரை போகும், ‘முதன்மை’க்குப் போகாது. எனவே முற்றிய மறதி நோயில் ஒரு ‘கடுமை’ எளிதில் கிடைக்கும். சண்டை முழுவதும் இரண்டாவது ‘கடுமை’க்குத்தான். இந்தப் படிவத்தில் போட்டுப் பார்த்தால் பமேலா காக்லனுக்கே தகுதி கிடைப்பது சந்தேகம் என்று இத்துறை வழக்கறிஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். நீதிமன்றம் ஏற்ற ஒருவரைப் படிவம் தள்ளக்கூடும் என்றால், சட்டத்தின் இடத்தைப் படிவம் பிடித்துக்கொண்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

இந்த மதிப்பெண்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பகுதி இல்லத்தின் தினசரிக் குறிப்பேட்டிலிருந்து. “காலை உணவு முடித்தார். குளித்தார். நாள் முழுதும் அமைதி.” இப்படி ஒரு பதிவு இருக்கும். அந்தக் காலையில் உண்மையில் நடந்தது வேறாக இருக்கலாம். கெட்டியாக்கிய கஞ்சியைத் தேக்கரண்டி தேக்கரண்டியாக முக்கால் மணி நேரம் ஊட்டியிருப்பார்கள். நடுவில் அவர் இருமி முகம் சிவக்க, நிமிர்த்தி உட்காரவைத்துக் காத்திருந்திருப்பார்கள். குளிப்பாட்டப் போன பெண்ணை அவர் அடித்திருப்பார். இருவராக, மூன்றாவது முறை போனபோதுதான் இசைந்திருப்பார். இரவில் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்ததால்தான் முதுகில் புண் இல்லை. படிவத்தின் கணக்கில் ஊட்டிவிட வேண்டியிருப்பது மட்டும் ‘குறைவு’. ஊட்ட அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று எழுதியிருந்தால் ‘நடுத்தரம்’. விழுங்கும் சிரமத்தால் உணவு மூச்சுக்குழலில் போகும் ஆபத்து இருந்து, பயிற்சி பெற்ற கை தேவைப்பட்டால் ‘அதிகம்’. அந்த மூன்றுக்கும் இடையே உள்ள தூரம் ஊழியர் எழுதிய ஒரு வரி. வேலை ஓய்ந்து, பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் எழுதிய வரி.

நெறிமுறை இதை அறியாமல் இல்லை. நன்றாகக் கவனிக்கப்படும் தேவையும் தேவையே என்று அது தெளிவாகச் சொல்கிறது. நல்ல பராமரிப்பால் புண் வரவில்லை என்றால், தோலில் பிரச்சினை இல்லை என்று எழுதக் கூடாது. ஆனால் நிராகரிப்புக் கடிதங்கள் பலவும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. எடை நிலையாக இருக்கிறது, ஆகவே ஊட்டத்தில் தேவை குறைவு. கீழே விழவில்லை, ஆகவே நடமாட்டத்தில் ஆபத்து இல்லை. நல்ல இல்லத்தில் இருந்ததற்காகவே தகுதி இழக்கும் நிலை. மேல்முறையீடு செய்யும் குடும்பம் முதலில் பிடிக்க வேண்டிய நூல் இது என்பது என் உறுதியான கருத்து.

இனி, கடந்துபோன காலத்துக்கான கோரிக்கை. இதில் இரண்டு வழிகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முறையாக மதிப்பிட்டு, தகுதி இல்லை என்று எழுத்தில் சொல்லியிருந்தால் அது மேல்முறையீட்டு விஷயம்: ஆறு மாதத்துக்குள் உள்ளூர் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதிலும் தோற்றால் அடுத்த ஆறு மாதத்துக்குள் என்.எச்.எஸ். இங்கிலாந்தின் சுயேச்சைக் குழு, பிறகு ஆம்புட்ஸ்மன். மதிப்பீடே நடக்கவில்லை என்றால் அது ‘முன்பு மதிப்பிடப்படாத காலம்’. அதற்குத் தனி விண்ணப்பம். இங்கேயும் ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். 2004 ஏப்ரல் முதல் 2011 மார்ச் வரையிலான காலத்துக்கு 2012 செப்டம்பர் 30-க்குள்ளும், அடுத்த ஓராண்டுக்கு 2013 மார்ச் 31-க்குள்ளும் கேட்டிருக்க வேண்டும் என்று சுகாதாரத் துறை 2012-இல் அறிவித்தது. கடைசி நாளுக்குள் பல்லாயிரம் விண்ணப்பங்கள் குவிந்து, தீர்க்கப் பல ஆண்டுகள் பிடித்தன. இன்று கேட்பவருக்கு 2012 ஏப்ரல் 1 முதலான காலம் மட்டுமே, விதிவிலக்கான சூழ்நிலை இருந்தாலன்றி.

விண்ணப்பம் போவது அந்தப் பகுதியின் ஐ.சி.பி.க்கு. 2022 ஜூலையில் பழைய அமைப்புகளைக் கலைத்து உண்டாக்கிய ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்கள் இவை; அப்போது 42. உயிரோடு இருப்பவர் சார்பில் என்றால் அவருடைய ஒப்புதலோ பவர் ஆஃப் அட்டர்னியோ வேண்டும். இறந்துவிட்டவர் என்றால் உயிலை நிறைவேற்றுபவர் கேட்கலாம். இறந்தவரின் மருத்துவப் பதிவுகளைப் பெற 1990-ஆம் ஆண்டின் சட்டம் அவருக்கு உரிமை தருகிறது. வாரியம் இல்லத்தின் ஏடுகள், குடும்ப மருத்துவரின் பதிவுகள், மருத்துவமனைக் கோப்பு, கவுன்சில் கோப்பு எல்லாவற்றையும் திரட்டி, அந்த முதியவரின் தேவைகளை மாதவாரியாக ஒரு தொகுப்பாக எழுதும். அதைக் குடும்பத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும். இந்தக் கட்டத்தில் மேலோட்டமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவது பெரிய இழப்பு. எடை அட்டவணை, படுக்கைப்புண் அபாயத்தைக் காட்டும் வாட்டர்லோ மதிப்பெண், மருந்து கொடுத்த ஏடு, விழுந்த சம்பவங்களின் அறிக்கை ஆகியவற்றைத் தேதிவாரியாக ஒப்பிட்டு, விட்டுப்போனதை எழுத வேண்டும். இல்லம் மூடப்பட்டோ கைமாறியோ இருந்தால் ஏடுகள் காணாமல் போயிருக்கும். அப்போது மருத்துவரின் பதிவுகளும், மகளோ மகனோ எழுதிவைத்த நாட்குறிப்பும்தான் சாட்சி.

தகுதி கிடைத்தால், முழுக் காலத்துக்கும் கிடைக்க வேண்டியதில்லை. கடைசி எட்டு மாதம் என்பது போல ஒரு பகுதிக்கும் கிடைக்கலாம். அந்தக் காலத்துக்குக் கட்டிய கட்டணத்தை, ரசீதும் வங்கிக் கணக்கும் காட்டும் அளவில், சில்லறை விலைக் குறியீட்டை ஒட்டிய வட்டியோடு தருவார்கள். விற்ற வீடு திரும்பாது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த வீட்டின் விலை எவ்வளவு ஏறியது என்பதை அந்த வட்டி கணக்கில் எடுப்பதில்லை.

இந்தத் துறையில் கமிஷனுக்கு வேலை செய்யும் நிறுவனங்கள் உண்டு. திரும்ப வரும் பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். ஏடுகளைத் தாமே படித்து எழுதக்கூடிய குடும்பம் அவர்களிடம் போகத் தேவையில்லை. ஏஜ் யூகே அமைப்பின் தகவல் ஏடுகள் இலவசம், நம்பகமானவை. வாதாடத் திராணியில்லாதவர் வழக்கறிஞரை அமர்த்துவதில் தவறில்லை, ஆனால் பங்கு எவ்வளவு, தோற்றால் என்ன என்று கையெழுத்துக்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சி.எச்.சி.யை விட்டால் வேறு வழிகளும் உண்டு, ஆனால் குறுகலானவை. மனநலச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்கீழ் மருத்துவமனையில் கட்டாயமாக வைக்கப்பட்டு வெளியே வந்தவருக்கு 117-ஆம் பிரிவு இலவசப் பின்பராமரிப்பைத் தருகிறது. அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2002-இல் ஸ்டென்னட் வழக்கில் பிரபுக்கள் சபை தீர்த்தது. மறதி நோயின் முரட்டுக் கட்டத்தில் அப்படி வைக்கப்பட்ட முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை. இல்லத்தோடு உள்ள ஒப்பந்தமே நியாயமற்றதாக இருந்தால் நுகர்வோர் சட்டம் கைகொடுக்கும்: சேரும்போது பெருந்தொகை முன்கட்டணம் வாங்கிய சன்ரைஸ் நிறுவனம், போட்டி மற்றும் சந்தை ஆணையத்தின் விசாரணைக்குப் பின் 2018-இல் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

ஒரே நெறிமுறை, ஒரே படிவம். ஆனாலும் ஊருக்கு ஊர் முடிவு மாறுகிறது. தேசியத் தணிக்கை அலுவலகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 2015–16-இல் 50,000 பேருக்கு 28 பேர் மட்டும் இந்த உதவி பெற்ற பகுதியும் இருந்தது, 356 பேர் பெற்ற பகுதியும் இருந்தது. முதியோர் விகிதத்தையும் நோயின் பரவலையும் மட்டும் வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை. பணம் கொடுப்பவரே தகுதியையும் தீர்மானிக்கிறார் என்பது இதில் எனக்குத் தெரியும் அடிப்படைக் கோளாறு.

இங்கிலாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். மறதி நோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழி முதலில் போய்விடுவது உண்டு. ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்த அப்பா தமிழில் மட்டும் பேசுகிறார் என்றால், மதிப்பிட வந்தவர் அவர் எந்த அளவுக்குக் குழம்பியிருக்கிறார் என்பதை எப்படி அறிவார்? மகளே மொழிபெயர்க்கிறாள். அப்பாவின் பேச்சை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே அவருக்காக வாதாடவும் அவளால் முடியாது. மொழிபெயர்ப்பாளரைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது, அம்மாவை இல்லத்தில் விடுவதா என்று வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பார்த்துக்கொண்ட மருமகளுக்கும் மகனுக்கும் இந்தச் சட்டத்தில் திரும்ப வர எதுவும் இல்லை. கட்டிய பணம்தான் திரும்பும்; இழந்த சம்பளம் கணக்கில் வராது. ஆகவே வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் பின்னால் கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது, இப்போதே மதிப்பீடு கேட்க வேண்டும். பார்பரா பாயின்டன் காட்டிய வழி திறந்தே இருக்கிறது.

அரசியலில் இது ஓயாத பேச்சு. ஸ்காட்லாந்து 2002-இல் முதியோரின் அன்றாட உடற்பராமரிப்பை இலவசமாக்கியது. அதே வழியை இங்கிலாந்து ஏற்கவில்லை. 2011-இல் டில்நாட் குழு, ஒருவர் வாழ்நாளில் கட்டும் பராமரிப்புச் செலவுக்கு உச்சவரம்பு வேண்டும் என்றது. 2014-இல் சட்டமானது, தள்ளிப்போனது, 86,000 பவுண்டு என்று மீண்டும் அறிவிக்கப்பட்டது, 2024 ஜூலையில் கைவிடப்பட்டது. இப்போது லூயிஸ் கேசி தலைமையிலான ஆணையத்தின் முறை. இறுதி அறிக்கை 2028-க்குள் வர வேண்டும். உச்சவரம்பு வந்திருந்தாலும் நோய்க்கும் முதுமைக்கும் இடையே போட்ட கோடு அப்படியேதான் இருந்திருக்கும்.

அந்த ஆணையத்துக்குக் காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. செவிலியர் வசதியுள்ள இல்லத்தில் பதிவுபெற்ற செவிலியரின் பணி தேவைப்படுபவருக்காக என்.எச்.எஸ். அந்த இல்லத்துக்கு நேரடியாக ஒரு தொகை செலுத்துகிறது. 2025–26-இல் வாரம் 254.06 பவுண்டு. அதைக் கொடுக்கத் தொடங்கும் முன், சி.எச்.சி.க்குத் தகுதி உண்டா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. பார்த்ததற்கான காகிதம் கோப்பில் இல்லை என்றால், திரும்பக் கேட்பதற்கு அதைவிட வலுவான தொடக்கம் இல்லை. ஒவ்வொரு வாரியத்திடமும் இந்தத் தொகை பெறுவோரின் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. யாருக்கு மதிப்பீடு நடந்தது, யாருக்கு நடக்கவில்லை என்பதை அந்தப் பட்டியலையும் தன் கோப்புகளையும் பக்கத்தில் வைத்து வாரியமே பார்க்க முடியும். விடுபட்டவர்களின் குடும்பங்களுக்குக் கடிதம் எழுத வேண்டியதும் வாரியம்தான்.